தாய்ப்பால் கற்பிக்கும் அடக்கம்

ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் திமிரி. என் இளமைக்காலத்தில் கழுதைகளை ஓட்டிக்கொண்டு ஒருவர் அவ்வப்போது தெருத்தெருவாக வருவார். கைக்குழந்தை உள்ள வீடுகளில் அவரை நிறுத்தி, கண்முன்னே கறக்கச் சொல்லி, ஒரு சங்குப் பாலுக்குக் கேட்ட காசைக் கொடுப்பார்கள். கழுதைப்பால் குடித்த குழந்தையை மாந்தமும் சளியும் அண்டாது என்பது நம்பிக்கை. அதே தெருவில் பசு கன்று ஈன்றால் சீம்பால் வீடு வீடாகப் போகும். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வேகவைத்த அந்தச் சீம்பாலின் சுவை இன்றும் என் நாவில் இருக்கிறது. கழுதையின் பாலுக்குக் காசும் பசுவின் சீம்பாலுக்கு வரவேற்பும் இருந்த அந்தத் தெருவில், பெற்றவளின் சீம்பாலுக்கு மட்டும் இடமில்லை. முதல் இரண்டு மூன்று நாட்கள் மஞ்சளாகவும் கெட்டியாகவும் சுரப்பதைக் 'கெட்ட பால்' என்று சொல்லிப் பீய்ச்சி ஊற்றிவிடுவார்கள். குழந்தையின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் விழும்.

முன்னோரின் அறியாமையைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. என் மூத்த மகள் பிறந்தபோது என் வீட்டிலும் இதுதான் நடந்தது. செவிலியர் சொல்லிச் சென்றதை என் தாயார் காதில் வாங்கவில்லை. என் மனைவிக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்துக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். திருஞானசம்பந்தர் ஞானப்பால் உண்ட பகுதியை ஆண்டுதோறும் வகுப்பில் உருகி உருகிச் சொல்கிறவன். உள்ளே போய் ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாலைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் உவமைகள்தாம்.

பின்னர், குற்றவுணர்வு தூண்ட, தாய்ப்பாலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, நம் இலக்கியமும் நம் சுவரொட்டிகளும் தாய்ப்பாலைப் பற்றிச் சொல்லிவருவதில் பாதிதான் சரி என்று தோன்றியது. விட்டுப்போன மறுபாதியே இக்கட்டுரையின் பொருள்.

* * *

தாய்ப்பால் நோய் எதிர்ப்பாற்றல் தரும் என்று எல்லோரும் சொல்கிறோம். 'எதிர்ப்பு' என்ற சொல் நம்மை நேரே போர்க்களத்துக்கு அழைத்துச் சென்றுவிடுகிறது. தமிழனுக்கு அது பழகிய களம். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறப்பாட்டு (278) நம் மேடைகளில் ஓயாமல் ஒலிப்பது. மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்ட முதியவள், அது உண்மையாயின் அவன் உண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, ஈன்ற பொழுதினும் மகிழ்கிறாள். பாட்டின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட கருத்து, பால் என்பது வீரம். குடித்தவன் போரிட வேண்டும் என்பது. இன்றைய நோய் எதிர்ப்பியல் காட்டும் பால் இதிலிருந்து வெகுவாக வேறுபட்டது.

கருவறையில் கிருமிகளை ஏறக்குறைய அறியாதிருந்த குழந்தையின் குடலில், பிறந்த மணியிலிருந்து கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. அவற்றுள் பகையானவை சில; தீங்கற்றவையும் துணைபுரிபவையும் பல. குழந்தையின் பாதுகாப்பு அமைப்போ அனுபவமற்றது. வந்தவற்றையெல்லாம் பகையென்று கருதிப் போர் தொடுத்தால் முதலில் வெந்து புண்ணாவது குழந்தையின் குடல்தான். குறைமாதக் குழந்தைகளின் குடல் திசு அழுகிப்போகும் கொடிய நோய் ஒன்று உண்டு. கட்டுமீறிய அழற்சிக்கு அதில் பெரும் பங்கு இருக்கிறது. மனிதப்பால் பெறும் குறைமாதக் குழந்தைகளிடம் அந்நோய் குறைவாகவும், மாவுப்பால் பெறுபவர்களிடம் கூடுதலாகவும் காணப்படுகிறது. ஆக, குழந்தைக்கு வேண்டிய முதற்கல்வி எவரோடு போரிடுவது என்பது மட்டுமன்று. எவரை விட்டுவிடுவது என்பதும்தான்.

பாலில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இது விளங்கும். ஸ்வீடன் நாட்டு நோய் எதிர்ப்பியலாளர் லார்ஸ் ஹான்சன், தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் உள்ளதிலிருந்து வேறுபட்டது என்று 1961இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். இன்று அதைச் சுரப்பு இம்யூனோகுளோபுலின் ஏ என்கிறார்கள். முதிர்ந்த பாலில் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் இருக்கும். நாம் கீழே ஊற்றிய சீம்பாலில் அதைப்போலப் பல மடங்கு. இது குழந்தையின் இரத்தத்தில் கலப்பதில்லை. குடலின் உட்பரப்பிலேயே தங்கி, கிருமியைப் பற்றிக்கொண்டு, சுவரில் ஒட்டவிடாமல் கழிவோடு அனுப்பிவிடுகிறது. இரத்தத்தில் உள்ள பிற எதிர்ப்புப் புரதங்களைப் போல அழற்சியை மூட்டிவிடுவதில்லை. சண்டையில்லாமல் வாசலோடு வழியனுப்பிவைக்கும் பக்குவம் இது.

லாக்டோஃபெரின் என்ற புரதம் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, இரும்பில்லாமல் வளரமுடியாத கிருமிகளைப் பட்டினி போடுகிறது. கூடவே அழற்சியையும் தணிக்கிறது. டிஜிஎஃப் பீட்டா, இன்டர்லூக்கின் 10 ஆகிய பொருள்களின் வேலையே அடக்குவது. அவை குழந்தையின் பாதுகாப்பு அணுக்களுக்குப் பொறுமையைப் பழக்குகின்றன. டிஜிஎஃப் பீட்டா, குழந்தை தன் சொந்த எதிர்ப்புப் புரதத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளவும் துணைசெய்கிறது. இன்னொரு வியப்பு, பாலில் உள்ள கூட்டுச் சர்க்கரைகள். 200க்கும் மேற்பட்ட வகைகள். லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை. இவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது. பிறகு எதற்காகத் தாயின் உடல் இவ்வளவு பாடுபட்டு இவற்றைச் செய்கிறது? குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியம் போன்ற நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாக. தன் குழந்தைக்கு மட்டுமன்றி, அக்குழந்தையோடு கூடி வாழப்போகும் விருந்தாளிகளுக்கும் தாய் இலை போடுகிறாள்.

வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதை நான் முதிர்ந்த மனிதர்களுக்கான அறமாகவே நடத்திவந்தேன். ஊர்ப் பெயரிலேயே திமிர் இருக்கிறதே என்று வெளியூர் நண்பர்கள் எங்களைக் கேலி செய்வதுண்டு. அந்த ஊரிலும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதற்பாடம் அடக்கமாகத்தான் இருக்கிறது. அதுவும் பேசத் தெரிவதற்கு முன்பே.

* * *

இந்தப் பாடத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. இது எல்லா ஊருக்கும் பொதுவாக அச்சிட்ட பாடநூல் அன்று. தாய் குடிக்கும் தண்ணீரிலும் உண்ணும் சோற்றிலும் புழங்கும் மண்ணிலும் உள்ள கிருமிகள் அவள் குடலுக்குள் வருகின்றன. அங்கே அவற்றை அடையாளம் கண்டுகொண்ட அணுக்கள் புறப்பட்டு, நிணநீர் வழியாக இரத்தத்தில் கலந்து, பாலூட்டும் காலத்தில் மார்பகத்தை அடைந்து, அந்தக் கிருமிகளுக்கு ஏற்ற எதிர்ப்புப் புரதத்தை அங்கே உருவாக்குகின்றன. அதாவது, தாயின் உடல் தன் ஊரைப் படிக்கிறது. படித்ததைப் பாலில் எழுதுகிறது. திமிரித் தாயின் பாலில் இருப்பது திமிரியைப் பற்றிய செய்தி. டோக்கியோவிலோ டொராண்டோவிலோ வாழும் தமிழ்த்தாயின் பாலில் அந்த ஊர்ச் செய்தி இருக்கும்.

இதற்கு ஒரு சான்று, குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் பற்றிய ஆய்வுகளில் கிடைத்தது. வாய்வழித் தரும் ரோட்டா தடுப்புமருந்து, செல்வ நாடுகளில் பலனளிக்கும் அளவுக்கு ஏழை நாடுகளில் பலனளிக்கவில்லை. ஏன் என்று தேடியவர்கள் இந்தியா, வியட்நாம், தென்கொரியா, அமெரிக்கா ஆகிய நான்கு நாட்டுத் தாய்மாரின் பாலை ஒப்பிட்டனர். 2010இல் முடிவு வெளிவந்தது. தடுப்புமருந்தில் உள்ள வைரசைச் செயலிழக்கச் செய்யும் ஆற்றல் இந்தியத் தாய்மாரின் பாலில் மிகுதியாகவும், அமெரிக்கத் தாய்மாரின் பாலில் மிகக் குறைவாகவும் இருந்தது. ரோட்டா வைரசோடு நம் தாய்மார் நெடுநாள் பழகியவர்கள். அவர்கள் பால் அதை அறிந்திருந்தது.

அப்படியானால், மருந்து கொடுக்கும் நேரத்தில் பாலூட்டுவதை நிறுத்திவைக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. தில்லியில் செய்து பார்த்தார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் அரைமணி நேரம் பால் கொடுக்காமல் வைத்த குழந்தைகளுக்கும், வழக்கம்போல் பால் குடித்த குழந்தைகளுக்கும் வேறுபாடு இல்லை என்று 2014இல் தெரியவந்தது. மடியிலிருந்து குழந்தையைப் பிரிக்கும் யோசனைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

எங்களுக்கு இன்னும் அண்மையில் நடந்தது வேலூர் ஆய்வு. திமிரியில் யாருக்கு உடம்பு சற்று மோசமானாலும் 'சி.எம்.சி.க்குக் கொண்டு போ' என்பார்கள். அந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளையும் அவர்களுடைய தாய்மாரின் பாலையும் ஆராய்ந்து, சசிரேகா ரமணி, ககன்தீப் காங் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை 2018இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது. அதன் முடிவு, தாய்ப்பாலை மந்திரமாக எண்ணுகிறவர்களைத் திடுக்கிடச் செய்யும். பிறந்த குழந்தைகளைத் தொற்றும் ஒருவகை ரோட்டா வைரசுக்கு எதிராகப் பாலின் கூட்டுச் சர்க்கரைகள் கேடயமாக நிற்கவில்லை. நோய்க்குறி கண்ட குழந்தைகளின் தாய்மார் பாலில் அச்சர்க்கரைகளுள் சில கூடுதலாகவே இருந்தன. ஆனால் அதே சர்க்கரைகளுள் சில, பிறந்த குழந்தைகளிடமிருந்து கிடைத்த வைரசைக் கொண்டு செய்த தடுப்புமருந்து நன்றாகப் பற்றிக்கொள்ளத் துணைபுரிவதாகவும் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. ஒரு பொருள் ஓரிடத்தில் உதவும், ஓரிடத்தில் உதவாது. தாய், குழந்தை, நுண்ணுயிர் மூவரும் சேர்ந்து நடத்தும் நுட்பமான பேச்சுவார்த்தை இது. இதில் எல்லாம் அறிந்த தெய்வமென்று எதுவும் இல்லை. தாய்ப்பால் ஒவ்வாமை நோய்களைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லவும் போதிய சான்று இல்லை.

இதனால் பாலின் மதிப்பு குறைந்துவிடாது. தாய்ப்பாலூட்டல் உலகெங்கும் ஏறக்குறைய முழுமையாக நடந்தால் ஆண்டுதோறும் 8,23,000 குழந்தைகளின் சாவைத் தவிர்க்கலாம் என்று 'லான்செட்' இதழ் 2016இல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. துதிப்பது எளிது, துதியின் நிழலில் கடமை மறைந்துபோவதும் எளிது. மந்திரம் என்று நினைத்தால் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். வேலை என்று அறிந்தால், அந்த வேலைக்கு வேண்டிய நேரமும் இடமும் கொடுத்தாக வேண்டும். என் கருத்தெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

* * *

காலையில் எங்கள் கடைத்தெருவில் நின்றால், ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் வண்டிகளைப் பார்க்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி வரையில் நீளும் இந்தத் தோல் தொழில், பெண்களின் விரல்களை நம்பி நடப்பது. அந்த வண்டிகளில் ஏறுகிறவர்களில் கைக்குழந்தையை மாமியாரிடமோ தாயிடமோ விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. கம்பெனிக்குப் போகாமல் வீட்டிலேயே செருப்பின் மேற்பகுதியை ஜோடிக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுக்கிறவர்களும் இந்தத் தோல் நாட்டில் இருக்கிறார்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, பிறகு துணை உணவோடு இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மகப்பேற்று விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திய சட்டத்திருத்தம் 2017இல் வந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை வேண்டும் என்பவையும் சட்டத்தில் உள்ளன; 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இவை இடம்பெற்றன. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு தருகிறது. கணக்கைப் பாருங்கள். அரசு ஊழியருக்கு ஓராண்டு. கம்பெனித் தொழிலாளிக்கு, ஏட்டளவிலாவது, ஆறு மாதம். வீட்டில் தைப்பவளுக்கு விடுப்புத் தர முதலாளி என்று ஒருவர் இருப்பதாகவே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. மூவரின் பாலிலும் இருப்பது ஒரே இம்யூனோகுளோபுலின்.

தமிழ்நாட்டில் பிரசவங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்கள் இங்கே ஏறத்தாழ 55 விழுக்காடு. நாடு முழுமைக்கும் அது ஏறத்தாழ 64 விழுக்காடு. படித்த மாநிலம், மருத்துவமனை நிறைந்த மாநிலம் நாம். அறிவுரை போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. நேரமும் இடமும் போதவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

தாயின் உடல் ஊரைப் படிக்கிறது என்றேன். படிப்பதற்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம்? பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவு கலந்ததைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. பத்தாண்டு கழித்து, 2006இல், உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களுள் ஒன்றாக ராணிப்பேட்டையை ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பட்டியலிட்டது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. இந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இந்தத் தாய்மார் பால் கொடுக்கிறார்கள். ஆற்றுக்குப் பாலாறு என்று பெயர் வைத்த சமூகத்துக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு வேறு வேண்டுமா? இதைச் சொல்லித் தாய்மாரை அச்சுறுத்துவது தவறு. மாவுப்பாலைக் கரைக்கவும் அதே தண்ணீர்தான் வேண்டும். தாய்ப்பாலே நல்லது. அதைக் காக்கும் பொறுப்பு மட்டும் அவள் ஒருத்தியுடையதன்று.

பால் சுரக்காத தாய்மார், மருந்தின் காரணமாகக் கொடுக்க முடியாதவர்கள், பிரசவத்தில் இறந்துபோனவர்களின் குழந்தைகள் ஆகியோரையும் மறக்கலாகாது. சீகாழிக் குளக்கரைக் கதையை அண்மையில் மீண்டும் படித்தபோது, இத்தனை ஆண்டுகள் நான் கவனியாத ஒன்று கண்ணில் பட்டது. தந்தை நீரில் மூழ்கியிருக்க, பெற்றவள் அருகில் இல்லாதிருக்க, அழுத குழந்தைக்கு அம்மை தன் பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்து ஊட்டுகிறாள். கிண்ணத்தில் வந்த இன்னொரு தாயின் பால்! மும்பை சயான் மருத்துவமனையில் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி, இந்தியாவுக்கு முதலாவது. அங்கே நடப்பதும் இதுதான். பிறகு தமிழகத்திலும் அரசு மருத்துவமனைகளில் இத்தகைய வங்கிகள் வந்தன. தானமாக வருவதை விற்பனைப் பொருளாக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதத்தில் எச்சரித்தது சரியே.

* * *

கடைசியாக, என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பருவத் தேர்வில் நான் கண்காணிப்பாளன். முதுகலை மாணவி ஒருத்தி, பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆகியிருக்கும், எழுந்து வந்தாள். "ஐயா, வெளியே அம்மா குழந்தையை வச்சிருக்காங்க. அழுவுது. பத்து நிமிஷம் போய்ட்டு வந்திடறேன்" என்றாள். வேப்பமரத்தடியிலிருந்து குழந்தையின் குரல் எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. விதிப்படி அனுப்ப முடியாது என்றேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் போய் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் புடவையின் முன்புறம் நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுதினாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போது அதை நாகரிகம் என்று நினைத்தேன்.

விதி எனக்குக் கைகொடுத்தது. கதவுக்கு வெளியே நின்ற அன்றும் மரபு இப்படித்தான் கைகொடுத்தது. இரண்டு முறையும் நான் இழந்தது ஒன்றுமில்லை. இழந்தவை இரு குழந்தைகள்.

கல்லூரியில் ஓர் அறையும், அதில் இரண்டு நாற்காலியும், தேர்வு நாளில் பாலூட்டப் பதினைந்து நிமிடமும், அந்த நேரத்துக்கு ஈடான கூடுதல் நேரமும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை கேட்பேன். பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை வேண்டும் என்று 2015இல் தமிழக அரசுக்குத் தோன்றியிருக்கிறது. பெண்கள் படிக்கும் இடத்திலும் செருப்பு தைக்கும் இடத்திலும் அது வேண்டும் என்று நமக்குத் தோன்றக் கூடாதா?

என் மகள் இப்போது என்னைவிட உயரம். அவள் இழந்த சீம்பாலைப் பற்றி அவளிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "சர்க்கரைத் தண்ணியில நான் நல்லாத்தானே இருக்கேன்பா" என்றாள். நன்றாகத்தான் இருக்கிறாள். அது என்னைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக நான் எண்ணவில்லை. நாளை அவளுக்கொரு குழந்தை பிறந்தால், இந்த முறை கதவுக்கு உள்ளே போய்ப் பேசுவேன்.